பச்சை பிடிக்காத வைக்கோல்

அந்த எண் இறங்கவே இல்லை.

காலையில் உள்ளே நுழைந்ததும் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் முதல் தொட்டியின் திரைக்கு முன்னால் போய் நின்றாள் சுண்டெலி. தொட்டிக்குள் விட்ட பூசணம் உயிரோடு இருந்தால் மூச்சு விடும். மூச்சு விட்டால் தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜன் குறையும், திரையில் தெரிகிற எண் மளமளவென்று கீழே இறங்கும். நேற்று அந்தப் பூசணத்தை விதையாக ஊற்றியபோது என்ன எண்ணோ, அதேதான் இப்போதும். பேச்சுமூச்சு இல்லாமல் கிடக்கிறவரின் நாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு.

"என்ன எலி, எறங்குச்சா?"

சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நின்றவர் ஆவி. தொட்டிகளைக் கழுவி, நீராவி விட்டு, கிருமி இல்லாமல் பண்ணித் தருவது அவர் வேலை. பாதி அதற்காகவும் பாதி அவருடைய பூனை நடைக்காகவும் அந்தப் பெயர். சுண்டெலி என்ற பெயரோ அவளுடைய அண்ணி வைத்தது. ஒருநாள் அண்ணி போனில் கூப்பிட்டது இவர் காதில் விழுந்தது. அதோடு வேலையிடத்திலும் அவள் சுண்டெலி ஆகிவிட்டாள்.

"இல்லண்ணே. அப்படியே நிக்குது."

"போன தடவை மாதிரியேவா?"

"அச்சு அசல் அதே மாதிரி."

ஆவி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "மேடம் வர்றதுக்குள்ள நான் அந்த டேங்குக்குள்ளயே எறங்கிப் படுத்துக்கவா? ஏதோ ஒண்ணு உள்ள உயிரோட இருக்குன்னாவது இருக்கும்."

வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அங்கே நடக்கிற வேலை கேட்க எளிது. ஊருக்கு வெளியே இருக்கும் காளான் பண்ணையில் சிப்பிக் காளான் வளர்த்து முடித்த வைக்கோல் லாரியில் வரும். வைக்கோலில் மரம்போல் கெட்டியாக இருக்கிற பகுதியைக் காளானே தின்று இளக வைத்திருக்கும். மிச்சமுள்ள நாரை முதல் தொட்டியில் கொட்டி, பச்சைப் பூசணத்தை விடுவார்கள். அது நாரை உடைத்துச் சர்க்கரையாக்கும். அந்தச் சர்க்கரைத் தண்ணீரை இரண்டாம் தொட்டியில் ஈஸ்ட் குடித்து எத்தனாலாக்கும். காய்ச்சி வடித்தால் பஸ்ஸுக்கு எரிபொருள். காளான், பூசணம், ஈஸ்ட் மூன்றும் ஒரே குலம். "ஒரே வீட்டு மூணு மருமகளுங்க" என்பார் ஆவி. "மூத்தவ நறுக்கிக் குடுப்பா, நடுவுல உள்ளவ வேக வைப்பா, கடைசிக்காரி குடிச்சுப்புட்டு மப்புல கிடப்பா."

இப்போது நடு மருமகள்தான் படுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை பஸ் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். தொட்டி ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஆலையை நடத்துகிற மேடம் வந்தார். திரையைப் பார்த்தார். கோட்டைக்கூட மாட்டாமல் ஆவியிடம் திரும்பினார்.

"எத்தனை தடவை அலசினீங்க?"

"மூணு தடவை மேடம். எப்பவும் மூணு தடவைதான்."

"விதை நல்லா இருக்கு, தட்டுல போட்டுப் பாத்துட்டேன். தண்ணி நல்லா இருக்கு, காத்து ஒழுங்கா போகுது. வேற கிருமி பூந்திருந்தா அதாவது மூச்சு விடும், எண் எறங்கும். இங்க எதுவுமே உயிரோட இல்ல. அப்படின்னா உள்ள ஏதோ மருந்து தங்கியிருக்கு. டேங்க் கழுவுற மருந்த யார் கையாளுறது?"

அந்தக் கேள்விக்கு அங்கே இருந்தது ஒரே பதில்தான்.

"வைக்கோல்ல ஏதாவது இருக்குமா மேடம்?" சுண்டெலிதான் கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. ஆவியின் முகத்தைப் பார்த்தவுடன் வாயில் வந்துவிட்டது.

"மருந்தே படாத வைக்கோல்னு எழுதி வாங்கித்தானே எடுக்கிறோம்? பண்ணைக்காரங்களும் அப்படிச் சொல்லித்தான் காளான விக்கிறாங்க. வெளிய சோதனைக்கு அனுப்பினா பதில் வர்றதுக்குள்ள வெள்ளிக்கிழமை போயிடும்." மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வியாழக்கிழமை காலையில மறுபடி நிரப்புறோம். அன்னைக்கு வெளி ஆளுங்க வந்து கழுவட்டும். நீங்க அன்னைக்கு வந்து சாமான ஒப்படைச்சிடுங்க."

கடைசி வாக்கியம் ஆவிக்கு. அவர் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார், நேராகத்தான் மாட்டியிருக்கிறோமா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார். இந்த வேலை இருக்கிற வரைக்கும்தான் அவருக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதி. அது சுண்டெலிக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும்.

*

மதியம் கட்டிடத்தின் பின்பக்கம் குப்பை கொட்டப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

நிரப்பும்போது சிந்துகிற வைக்கோலை அந்த மூலையில்தான் தள்ளி வைப்பார்கள். மழை ஈரத்தில் நாலு நாள் கிடந்தால் யாரும் விதைக்காமலே பச்சை பிடித்துவிடும். காற்றில் இல்லாத பூசணமா? ஆனால் இன்றைக்குக் குவியலில் ஒரு பாதி பாசி படிந்த குளம்போல் பச்சை பச்சையாக இருந்தது. மறு பாதி நேற்று அறுத்ததுபோல் பளிச்சென்று கிடந்தது. இரண்டும் ஒரே ஈரத்தில், ஒரே மூலையில், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டுதான் கிடந்தன.

குனிந்து கிளறினாள். பச்சைப் பக்கத்தில் கிழிந்து கிடந்த பண்ணைச் சீட்டில் இரண்டாம் ஷெட் என்று இருந்தது. பளிச்சென்று இருந்த பக்கத்துச் சீட்டில் நாலாம் ஷெட்.

அந்தச் சீட்டை மறுபடி படித்தாள். பண்ணையில் நாலாம் ஷெட்டைப் பார்த்துக்கொள்வது அவளுடைய அண்ணி.

யாருக்கும் சொல்லாமல் இரண்டு தட்டு எடுத்தாள். ஒன்றில் இரண்டாம் ஷெட் வைக்கோல், இன்னொன்றில் நாலாம் ஷெட் வைக்கோல். இரண்டையும் நீராவியில் வேகவைத்து ஆறவிட்டு, ஒரே குடுவையிலிருந்து இரண்டிலும் பூசண விதையைத் தெளித்து, அலமாரியின் கடைசி அடுக்கில், பழைய பாட்டில்களுக்குப் பின்னால் வைத்தாள். அண்ணி வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு அண்ணியையே வேவு பார்க்கிறோமே என்று இருந்தது.

*

அன்று சாயங்காலம் அண்ணி வீட்டுக் கதவு கால்வாசிதான் திறந்தது.

"அங்கயே நில்லு. ஒரு அடி உள்ள வச்சே, கால ஒடிச்சிடுவேன்."

இது தினமும் நடக்கிற கூத்துதான். கதவுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் இருக்கிற இடத்திலேயே உடை மாற்றி, வேலைத் துணியைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு, நேராகக் குளியலறைக்குப் போய்த் தலையோடு குளித்துவிட்டு வந்த பிறகுதான் இந்த வீட்டில் அவள் மனுஷி.

"நான் என்ன கொள்ளைநோயா அண்ணி?"

"நீ இல்லடி, உன் சட்டை. நீ அங்க கொஞ்சி வளக்கிற சனியன் எங்க காளானுக்கு எமன். ஒரு துளி பட்டா ஷெட்டே போயிடும்."

பண்ணையில் அண்ணிக்குக் கமாண்டர் என்று பெயர். வீட்டிலும் அதேதான். அண்ணன் நீண்டதூர லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் ரோட்டிலேயே கிடப்பவன். ஆகவே இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து சுண்டெலிக்கு எல்லாமே அண்ணிதான். பஸ் ஏறக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். வேலைக்கு விண்ணப்பம் போடச் சொல்லி உயிரை எடுத்ததும் அவள்தான். நேர்காணலுக்குத் தன்னுடைய நல்ல கோட்டைக் கொடுத்து, 'தோள் தொங்குது, நிமிந்து நட' என்று வாசல் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்ததும் அவள்தான்.

ஈரத்தலையோடு சமையலறையில் வந்து உட்கார்ந்த சுண்டெலி, மெதுவாகக் கொக்கி போட்டுப் பார்த்தாள்.

"உங்க ஷெட்ல இப்பல்லாம் பச்சை வர்றதில்லையா அண்ணி?"

"வந்து ஒரு புள்ளி காட்டு, பாப்போம். மத்தவங்கல்லாம் மூட்டை மூட்டையா தூக்கி எறியுறாங்க. என் ஷெட்டப் பாத்துட்டு மேனேஜரே வாயப் பொளந்துட்டாரு."

"எப்படி?"

"கை சுத்தம்," என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுப்பில் அப்போது ஒன்றுமே இல்லை.

கொஞ்ச நாளுக்கு முன்னால் இதே அண்ணி ஒரு பச்சைப் புள்ளிக்காகச் சாப்பாடு இறங்காமல் அலைந்தாள். பிறகு திடீரென்று அந்தப் பேச்சே நின்றுபோனது. அப்போது அதை நல்ல சேதி என்றுதான் நினைத்தாள் சுண்டெலி.

*

இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை, பாட்டில்களுக்குப் பின்னால் இருந்து தட்டுகளை எடுத்தபோது கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று. இரண்டாம் ஷெட் வைக்கோலில் வெள்ளை நூல் நூலாகப் படர்ந்து நடுவில் பச்சை பூத்திருந்தது. நாலாம் ஷெட் வைக்கோல் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் இருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம், வீடு இருக்கிற அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், எல்லா வீட்டுக்கும் பொதுவான துணி துவைக்கும் அறை. அண்ணி மட்டும்தான் இருந்தாள். இயந்திரம் கடகடவென்று உருண்டுகொண்டிருந்தது.

"அண்ணி, வைக்கோல் ஊறவைக்கிற தண்ணியில என்ன போடுறீங்க?"

"தண்ணியில என்னடி போடுவாங்க? வைக்கோலப் போடுவாங்க."

"வெளாடாதீங்க." போனை நீட்டினாள். "இது ரெண்டாம் ஷெட். இது உங்க ஷெட்."

அண்ணி படத்தைப் பார்த்தாள். துடைத்த கையை மறுபடி துடைத்துக்கொண்டாள்.

"ஒரு வெள்ளைப் பொடி," என்றாள் அண்ணி கடைசியில். "பயிருக்குப் போடுவாங்களே, அது. எங்க காளான அது ஒண்ணும் பண்ணாது. பச்சைய மட்டும் பாத்துப் பாத்துக் கொல்லும்."

"அண்ணி, எங்க டேங்க்ல இருக்கிறதே அந்தப் பச்சைதான்."

"நீங்கதான் வேகவைப்பீங்களே? நீராவி விடுவோம், நீராவி விடுவோம்னு நீதானே சொல்லுவ? அதுல போயிடும்னு நெனச்சேன்."

"போகல. ரெண்டு தடவை படுத்துடுச்சு. ஒரு மனுஷனுக்கு நாளைக்கு வேலை போகப்போகுது, டேங்க ஒழுங்கா கழுவலன்னு."

அண்ணி பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். கமாண்டர் கூடைமேல் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"ஏன் அண்ணி? மருந்து போடக் கூடாதுன்னு தெரியும்ல? ஜனங்க வாங்கித் திங்கிற பொருள் அது."

"தெரியாமலா? அந்தக் காளான நான் வீட்டுக்குக் கொண்டுவர்றத நிறுத்தி எவ்வளவு நாளாச்சுன்னு கவனிச்சியா நீ?" செருமிக்கொண்டாள். "வேலைக்குச் சேரும்போதே கேட்டாங்க. வீட்டுல யாராவது பூசணம் தொடுற வேலை பாக்குறாங்களான்னு. அப்ப நீ இங்க வரவே இல்ல. இல்லன்னேன். அப்புறம் நீ வந்த, உனக்கு அங்க வேலை கிடைச்சுது. அன்னைக்கே போய்ச் சொல்லியிருக்கணும். சொன்னா ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு நான் பண்ணைக்கு வெளிய. இல்ல, நீ என் வீட்டுக்கு வெளிய."

சுண்டெலி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வாசலில் நிற்கவைத்துத் துணி மாற்றச் சொன்னதெல்லாம் அண்ணியின் சுத்தப் பைத்தியம் என்று நினைத்து எத்தனை நாள் கிண்டல் அடித்திருக்கிறாள்.

"இவ்வளவு பண்ணியும் ஒருநாள் ஒரு பையில பச்சைப் புள்ளி வந்துடுச்சு. என் உசுரே என்கிட்ட இல்ல. உன் சட்டையில இருந்து வந்துச்சோ, காத்துல வந்துச்சோ, யார் கண்டா? ஆனா சொன்னா ஆளுங்க வருவாங்க. யாரு வீட்டுல யாரு, என்ன வேலைன்னு தோண்டுவாங்க. அதான், ஒரே ஒரு தடவைன்னு ஆரம்பிச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? மூட்டையக் கட்டியிருப்ப. உனக்குத்தான் ரோஷம் மூக்குக்கு மேல இருக்கே."

இயந்திரம் நின்றது. திடீரென்று வந்த அமைதியில் இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"எலி, வேற வைக்கோலப் போடச் சொல்லு. நாத்தம் அடிக்குதுன்னு சொல்லு, புழு இருக்குன்னு சொல்லு, என்னமோ சொல்லு. நான் இன்னையோட பொடிய நிறுத்திடுறேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம். சரியா?"

சரி என்றுதான் தலையை ஆட்டினாள். அந்த முகத்துக்கு முன்னால் வேறு எப்படி ஆட்டுவது?

*

வியாழக்கிழமை காலை மேடம் சிரித்தேவிட்டார்.

"நாத்தமா? பூசணத்துக்கு அது மணம். வேற வைக்கோல் கையில ஏது? கிடங்குல இருக்கிறது மொத்தமும் நாலாம் ஷெட்தான். அடுத்த லோடு வர சனிக்கிழமை ஆகும். போய் வேலையப் பாரு."

வெளி ஆட்கள் நான்கு பேர் விடிவதற்குள் வந்து தொட்டியைக் கழுவி முடித்திருந்தார்கள். வைக்கோலைத் தொட்டி வாய்க்கு ஏற்றுகிற நகரும் பட்டையில் முதல் கட்டு ஏறத் தயாராக இருந்தது. சுவரோரம் ஒரு முக்காலியில் ஆவி உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரைக்கும் வரும் ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கழுவி, ஜோடியாகப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். காலில் வெறும் காலுறை.

"மூணு தடவை அலசினேன் எலி," என்றார். அவர் குரலில் கிண்டல் இல்லாமல் கேட்பது அதுதான் முதல் தடவை. "இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. ரெண்டுதான் அலசினேனோன்னு. தூங்கல நானு, எண்ணிக்கிட்டே கிடந்தேன்."

இந்த வார்த்தைதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. வேலை போவது ஒருபக்கம். செய்யாத தப்பைச் செய்துவிட்டதாக அந்த மனுஷன் நம்பவே தொடங்கிவிட்டார்.

கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணிக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, முடியல. நான் சொல்லப்போறேன்."

அந்தப் பக்கம் ஷெட்டின் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அண்ணி.

"உன் வாயால என் பேர் வரக் கூடாது."

"அண்ணி..."

"முழுசாக் கேளு. நானே போய் எங்க மேனேஜர்கிட்ட சொல்லிடுறேன். இப்பவே போறேன். அவரு உங்க மேடத்துக்குப் பேசட்டும். நீ போட்டுக் குடுத்து எனக்கு வேலை போச்சுன்னு இருக்க வேண்டாம். நாளைக்கு நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கணும். புரியுதா? கொஞ்ச நேரம் குடு."

அண்ணி போனை வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம்? சுண்டெலி தொட்டிப் பக்கம் வந்து நின்றாள். மேடத்தின் போன் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. அது அதிரவில்லை. முதல் கட்டைப் பிரித்தார்கள். வெள்ளை வெளேரென்று சுத்தமான வைக்கோல், பட்டையில் ஏறி உள்ளே விழுந்தது. அதிரவில்லை. இரண்டாம் கட்டு. மேடம் போனை எடுத்தார். சுண்டெலி ஓரடி முன்னால் வந்தாள். மணி பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். மூன்றாம் கட்டு. விதைக் குடுவையைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார்கள். அதுதான் அவர்களிடம் இருந்த கடைசிப் பெரிய குடுவை. உள்ளே ஊற்றிவிட்டால் அதுவும் செத்துப்போகும், வேறு வளர்க்க நாள் கிடையாது.

அண்ணி போயிருப்பாளா? மேனேஜர் அறை வாசல்வரைக்கும் போய்விட்டுத் திரும்பியிருந்தால்? ஒரு வேலைக்காக இத்தனை நாள் ஒளித்தவள், ஒரு போனில் மாறிவிடுவாளா? அப்படி நினைக்க நினைக்கத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை.

ஆவி எழுந்து, கழுவிய பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, அறைச் சாவியை மேடத்திடம் நீட்டினார். மேடம் கையை நீட்டினார்.

சுண்டெலி பட்டையின் சிவப்புப் பொத்தானை ஓங்கிக் குத்தினாள்.

எல்லாம் நின்றது. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"விதைய ஊத்தாதீங்க. வைக்கோல்ல பூசண மருந்து இருக்கு. அவர் நல்லாத்தான் கழுவினாரு. நாலாம் ஷெட்ல போட்டிருக்காங்க." பொத்தான்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. "போட்டது எங்க அண்ணி."

தட்டுகளை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். மேடம் அவற்றைப் பார்த்தார். எதுவும் பேசாமல் போனை எடுத்து, பண்ணைக்கு அடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"ஆமா ஆமா, அந்த விஷயம்," என்றது மேனேஜரின் குரல், யாரோ துரத்துவதுபோல. "கொஞ்சம் முன்னாடிதான் அந்தம்மா வந்து சொன்னாங்க. நாங்க உள்ளுக்குள்ள விசாரிச்சுக்கிட்டிருக்கோம். உங்ககிட்ட சாயங்காலமா நிதானமா பேசலாம்னு..."

"இப்ப இங்க நிரப்பப்போறோம்னு அவங்க சொல்லலையா?"

"சொன்னாங்க. சொல்லாம என்ன. உடனே போன் பண்ணுங்கன்னு கத்தவே செஞ்சாங்க. ஆனா பாருங்க, எங்களுக்கும் ஒரு பேர் இருக்கில்லையா..."

மேடம் அதற்குப் பிறகு பேசியது எதுவும் சுண்டெலி காதில் விழவில்லை. போயிருக்கிறாள். சொன்னபடியே, அந்த நிமிஷமே போயிருக்கிறாள். சேதியை அமுக்கி வைத்தது அந்த மேனேஜர்தான்.

மேடம் போனை வைத்தார். மற்ற ஷெட்டுகளிலிருந்து வைக்கோல் ஒரு மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும், இல்லையென்றால் விஷயம் பெரியதாகும் என்று மிரட்டி வாக்கு வாங்கியிருந்தார். ஆவியைப் பார்த்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் தடுமாறினார்.

"டேங்க மறுபடி காலி பண்ணிக் கழுவணும். அந்த ஆளுங்கள விட... பூட்ஸ மாட்டிக்கோங்க."

"ஈரமா இருக்கு மேடம்," என்றார் ஆவி. "கொஞ்சம் காயட்டும். நானும் கொஞ்சம் காய்ஞ்சுக்கிறேன்."

மேடம் தலையை ஆட்டிவிட்டு, சாவியை அவர் கையிலேயே திரும்ப வைத்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வந்ததா என்றால், வரவில்லை. ஆவி அதற்குக் காத்திருக்கவும் இல்லை. குழாயைத் திறக்கப் போய்விட்டார்.

*

சாயங்காலம் பண்ணை வாசலுக்கு எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்தில் அண்ணி தனியாக உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு பெரிய பை. பண்ணையில் வைத்திருந்த சாமான்கள். சாலைக்கு அந்தப் பக்கம், நாலாம் ஷெட்டின் கதவைத் திறந்துபோட்டு, காளான் தொங்கிய பைகளை அப்படியே மூடிய லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

சுண்டெலி ஓடி வந்து மூச்சு வாங்க நின்றாள்.

"உன் வாயால என் பேர் வரக் கூடாதுன்னேன்," என்றாள் அண்ணி, நிமிராமலே.

"உங்க மேனேஜர் போனே பண்ணல அண்ணி. வைக்கோல் உள்ள போயிட்டிருந்துச்சு. விதைய ஊத்தப் போனாங்க."

"பண்ணலையா?" இப்போதுதான் நிமிர்ந்தாள். "என் கண்ணு முன்னாடிதானே போனக் கையில எடுத்தான்?" எதிர்ப்பக்கம் பார்த்தாள். கெட்ட வார்த்தை ஒன்று உதட்டுவரை வந்து நின்றது. பிறகு அந்தப் பார்வை மெதுவாகச் சுண்டெலியின் பக்கம் திரும்பியது. "போன் வரலன்னதும் நீ என்ன நெனச்ச? நான் போகலன்னுதானே?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்கு ஒரு பொய் இரண்டு பேருக்கும் நல்லதாகக்கூட இருந்திருக்கும்.

"ஆமா அண்ணி. அப்படித்தான் நெனச்சேன்."

அண்ணி தலையை ஆட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டினாள்.

"ரெண்டு நாளைக்கு எங்கிட்ட பேசாத. மூணாவது நாள் நானே திட்ட ஆரம்பிப்பேன். அதுவரைக்கும் பொறுத்துக்கோ."

பஸ் வந்தது. அண்ணி முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சுண்டெலி இரண்டு வரிசை தள்ளி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊர் எல்லைக்குள் வருவதற்குள் அண்ணியால் பொறுக்க முடியவில்லை.

"திங்கக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்காங்க," என்றாள், ஜன்னலைப் பார்த்தபடியே. "எவ்வளவு போட்டேன், எப்ப எப்ப போட்டேன்னு எல்லாம் சொல்லணுமாம். எந்தெந்தக் கடைக்குக் காளான் போச்சுன்னு தேடித் திரும்ப எடுக்கிறாங்க. அதிகாரிங்களும் வருவாங்களாம். வேலை போச்சு, அது போகட்டும். அதுக்கு மேல என்ன பண்ணுவாங்கன்னு தெரியல."

சுண்டெலி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நானும் வரேன்."

"நீ எதுக்கு? உன்னப் பாத்தாலே அங்க அலறுவாங்க."

"வெளிய உக்காந்துக்கிறேன். பத்துத் தடவை தலைக்குக் குளிச்சுட்டு வரேன்."

"உங்கண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ நடுவுல பூந்து அழுது கெடுக்காத."

"சரி."

"அந்தக் கழுவுற மனுஷன்?"

"டேங்க் கழுவிட்டிருக்காரு."

"சரி," என்றாள் அண்ணி. பஸ் ஒரு வளைவில் திரும்பியது. இரண்டு பேரின் தோளும் இடித்துக்கொண்டன. அண்ணி விலகவில்லை. "திங்கக்கிழமை வந்தா, அங்க வாயத் தொறக்கக் கூடாது. கேட்டா மட்டும் பேசணும். கேட்டா, உள்ளத அப்படியே சொல்லணும். எனக்காக ஒண்ணும் மாத்திச் சொல்லாத."

"மாட்டேன் அண்ணி."

"இப்பவும் பேசாத."

சுண்டெலி பேசவில்லை.